பாட்டுப் புத்தகத்தை எந்த அலமாரியில் தேடுவது?

விஸ்காம், இதழியல், தமிழ், சமூகவியல் என்று எந்தத் துறையில் படித்தாலும் கடைசி வருடத்தில் ஒரு ப்ராஜெக்ட் வந்து நிற்கும். பாதிப்பேர் சினிமா, விளம்பரம், டிவி தொடர், மீம்ஸ் என்று எதையாவது எடுத்துக்கொள்வார்கள், அது ஏற்கெனவே தெரிந்த விஷயம்தானே என்கிற தைரியத்தில். அப்புறம் நூலகத்துக்குப் போய் அங்கிருக்கும் கணினியில் "பாப்புலர் கல்ச்சர்" என்று தட்டினால் இங்கிலாந்துக்காரர்கள் எழுதிய மூன்று நான்கு பாடப்புத்தகங்கள் வரும், அதிலும் இரண்டு யாரோ எடுத்துப்போய்த் திருப்பித் தராதவை. "நம்ம லைப்ரரியில ஒண்ணுமே இல்ல" என்று வெளியே வந்துவிடுவோம்.

நானும் அப்படித்தான் வந்தேன். எம்.ஏ. படிக்கும்போது பழைய சினிமாப் பாட்டுப் புத்தகங்களைப் பற்றி எழுதலாம் என்று எடுத்துக்கொண்டு, மூன்று வாரம் ஒரு பக்கம்கூடத் தேறாமல் திரிந்தேன். கடைசியில் தெரிந்தது, விஷயம் நூலகத்தில் இருக்கத்தான் செய்தது, நான் தேடிய பெயரில் இல்லை, அவ்வளவுதான். இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு சிக்கலை எப்படித் தாண்டுவது என்பதுதான். என் தலைப்பையே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன், நீங்கள் உங்களுடையதை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

பாட்டுப் புத்தகம் என்றால் இப்போது பலருக்குத் தெரியாது. படம் ஓடும் கொட்டகையிலேயே சில்லறைக் காசுக்கு விற்ற மெல்லிய புத்தகம் அது. அட்டையில் நட்சத்திரங்களின் படம், உள்ளே நடிகர்கள், தொழில்நுட்பக் கலைஞர்கள் பட்டியல், அரைகுறையாகக் கதைச்சுருக்கம், "மீதியை வெள்ளித்திரையில் காண்க" என்று ஒரு கொக்கி, பிறகு பாட்டு வரிகள். கேசட்டும் செல்போனும் இல்லாத காலத்தில் பாட்டை வீட்டுக்குக் கொண்டுபோக அதுதான் வழி. 1931-இல் தமிழ் பேசும் படம் வருவதற்கு முன்பே நாடகங்களுக்கும் இதே மாதிரிப் புத்தகங்கள் விற்றிருக்கின்றன. தகவல்தொடர்பு என்று பாடத்தில் படிக்கிறோமே, அதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

முதலில் கேள்வியைச் சுருக்குங்கள்

"தமிழ்ச் சினிமாவும் சமூகமும்" என்று தலைப்பு வைத்தால் நூலகம் உங்களை விழுங்கிவிடும். பொருள், ஆட்கள், காலம் மூன்றையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எனக்குப் பொருள் பாட்டுப் புத்தகம், ஆட்கள் அதை வாங்கிய ரசிகர்கள், காலம் 1950-கள். இவ்வளவு சுருக்கிய பிறகுதான் "இதில் படம் பார்க்க வருபவரிடம் என்ன சொல்லப்படுகிறது, என்ன மறைக்கப்படுகிறது" என்று கேட்க முடிந்தது. மீம்ஸ் எடுப்பவர்களுக்கும் இதேதான்: எல்லா மீமும் வேண்டாம், ஒரு தேர்தல், ஒரு மாதம், ஒரு நகைச்சுவை நடிகரின் முகம் போதும். கைடு "ஸ்கோப் ரொம்பச் சின்னதா இருக்கே" என்று சொன்னால் பயப்பட வேண்டாம். பெரிசாக இருக்கிறது என்று அவர் மார்ச் மாதத்தில் சொல்வதைவிட இது எவ்வளவோ மேல்.

நூலகத்தின் பாஷை

நம் கல்லூரி நூலகங்களில் பெரும்பாலும் புத்தகங்களைப் பொருள்வாரியாகப் பிரிக்கும் டூயி தசம எண்கள்தான். புத்தக முதுகில் ஒட்டியிருக்கும் அந்த எண்ணை மாணவர்கள் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, ஆனால் வெகுமக்கள் பண்பாடு எத்தனை இடத்தில் சிதறிக் கிடக்கிறது என்பது அந்த எண்களைப் பார்த்தால்தான் புரியும். ஊடகமும் தகவல்தொடர்பும் 302.23. பண்பாடு 306. இதழியல் 070. வானொலி, ஒலிபரப்பு 384.5. விளம்பரம் 659.1. காமிக்ஸ் 741.5. சினிமா 791.43. தமிழ் இலக்கியம் 894.811, தமிழ்நாட்டு வரலாறு 954.82. இதை நோட்டில் எழுதிக்கொண்டு ஒரு மத்தியானம் முழுக்க எல்லா அலமாரிக்கும் முன்னால் நின்று வாருங்கள். கணினியில் தேடுவதைவிட இது எனக்கு அதிகம் தந்தது, ஏனென்றால் ஒரு நல்ல புத்தகத்துக்குப் பக்கத்தில் இருப்பது பெரும்பாலும் அதன் சொந்தக்காரப் புத்தகம்தான்.

ஒரு உதாரணம். எம்.எஸ்.எஸ். பாண்டியன் எம்.ஜி.ஆரைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதி 1992-இல் வந்த ஆய்வு நூல் எங்கள் நூலகத்தில் அரசியல் பிரிவில் இருந்தது. அதே நூல் தமிழில் "பிம்பச் சிறை" என்று வந்திருக்கிறது, அது தமிழ்ப் பிரிவில், வாழ்க்கை வரலாறுகளோடு. சினிமா எண்ணில் இரண்டுமே இல்லை. வகைப்படுத்தியவரைக் குறை சொல்ல முடியாது, படத்தில் ஆரம்பித்து கோட்டையில் முடிகிற ஒரு கதையை அவர்தான் எங்கே வைப்பார்?

கணினியில் தேடும்போது இன்னொரு தொல்லை எழுத்துக்கூட்டல். தமிழ்ப் புத்தகங்களைச் சில நூலகங்களில் தமிழ் எழுத்தில் ஏற்றியிருப்பார்கள், சிலவற்றில் ஆங்கில எழுத்தில், அதுவும் ஏற்றியவர் மனம்போல. "திரைப்படம்" என்பதற்கு இரண்டு பி போட்டும் ஒரு பி போட்டும், தமிழுக்குக் கடைசியில் எல் போட்டும் இசட்-ஹெச் போட்டும் தேடிப் பாருங்கள். கிடைக்கவில்லை என்று முடிவுகட்ட ஐந்து விதமாவது தட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

அதோடு, ஒரே விஷயத்துக்குப் பல சொற்கள் உண்டு என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். பாட்டுப் புத்தகத்துக்கு நான் வைத்திருந்த பட்டியல்: பாட்டுப் புஸ்தகம், பாடல் புத்தகம், கதைச்சுருக்கம், திரையிசை, நாடகப் பாட்டு, சிந்து, குஜிலி நூல். கடைசி இரண்டும் எங்கிருந்து வந்தன என்றால், சினிமாவுக்கு முன்பே கொலை, கொள்ளை, வெள்ளம், ரயில் என்று கண்டதற்கெல்லாம் பாட்டுக் கட்டி அச்சடித்துத் தெருவில் விற்ற மலிவுப் பதிப்புகள் இருந்தன. ஆ. இரா. வேங்கடாசலபதி "முச்சந்தி இலக்கியம்" நூலில் அவற்றைத்தான் ஆராய்கிறார். அதைப் படித்த பிறகுதான் சினிமாப் பாட்டுப் புத்தகத்துக்கு ஒரு தாத்தா உண்டு என்பதே எனக்குத் தெரிந்தது. "சினிமா" என்று மட்டும் தேடிக்கொண்டிருந்தால் இந்தத் தாத்தாவைச் சந்தித்திருக்கவே மாட்டேன்.

கவுண்டரில் இருப்பவரிடம் பேசுங்கள்

நாம் செய்யாமல் விடுகிற வேலை இது. "சார், சினிமா பத்தி புக் இருக்கா?" என்று கேட்டால் அவர் 791.43-ஐக் காட்டிவிட்டு நோ ட்யூஸ் கையெழுத்துப் போடத் திரும்பிவிடுவார். "சார், 1950-கள்ல வந்த வாரப் பத்திரிகை பவுண்ட் வால்யூம் நம்மகிட்ட இருக்கா, சினிமா விளம்பரம் பார்க்கணும்" என்று கேட்டுப் பாருங்கள், முகமே மாறும். எங்கள் கல்லூரியில் அலமாரியில் புத்தகம் அடுக்கும் அண்ணன் ஒருவர்தான், மாடிப்படிக்கு அடியில் பூட்டிய அறையில் பழைய வால்யூம்கள் இருப்பதைச் சொன்னார். அவை கணினியில் ஏறவே இல்லை, பழைய அக்செஷன் ரிஜிஸ்டரில் மட்டும் ஒரு வரி இருந்தது. அந்த ரிஜிஸ்டரைப் பார்க்க அனுமதி கேளுங்கள். புத்தகம் வந்த தேதி வரிசையில் எழுதியிருப்பார்கள் என்பதால், எந்த வருடம் கல்லூரி சினிமாவைப் பற்றி முதல் புத்தகம் வாங்கியது என்பதைக்கூட அதில் கண்டுபிடிக்கலாம்.

(நூலகவியலின் தந்தை என்று நாம் கொண்டாடும் எஸ். ஆர். ரங்கநாதன் நம் சீர்காழிக்காரர். 1931-இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. மாடிப்படி அறையின் சாவிக்காக நான் நான்கு நாள் காத்திருந்தபோது அந்த விதி அடிக்கடி நினைவுக்கு வந்தது.)

பவுண்ட் வால்யூமில் ஒரு பொறி இருக்கிறது. பத்திரிகைகளை பைண்டு செய்யும்போது அட்டையையும் விளம்பரப் பக்கங்களையும் கிழித்துவிடும் பழக்கம் பல இடங்களில் உண்டு, அவை "விஷயம்" இல்லை என்பதால். நமக்கோ அவைதான் விஷயம். ஆகவே பக்க எண் தாவுகிறதா என்று பாருங்கள், தாவினால் எந்த இதழில் எத்தனை பக்கம் காணோம் என்று குறித்துக்கொள்ளுங்கள், ஆய்வேட்டில் அதை மறைக்காமல் எழுதுங்கள். ஆனந்த விகடன் 1926-இலும் கல்கி 1941-இலும் குமுதம் 1947-இலும் தொடங்கியவை. இவற்றில் ஏதாவது ஒன்றின் சில வருடத் தொகுப்பாவது பழைய கல்லூரிகளில் கிடைக்க வாய்ப்பு உண்டு. சினிமாவுக்கென்றே வந்த பேசும் படம், குண்டூசி, பொம்மை போன்றவை அபூர்வம், கல்லூரிக்குள் அவற்றைப் பெரும்பாலும் சேர்த்ததில்லை.

கல்லூரி ஆண்டு மலரை மறக்காதீர்கள். ஐம்பது அறுபது வருடப் பழைய மலர்கள் இருந்தால் எடுத்துப் புரட்டுங்கள். சினிமா நல்லதா கெட்டதா என்று மாணவர் எழுதிய கட்டுரை, விடுதி நாள் நாடகத்தின் புகைப்படம், பின்பக்கத்தில் உள்ளூர் தியேட்டரும் ஸ்டூடியோவும் சைக்கிள் கடையும் கொடுத்த விளம்பரம் எல்லாம் இருக்கும். வேறு எந்த நூலகத்திலும் கிடைக்காத மூலம் அது, உங்கள் வளாகத்திலேயே தூங்குகிறது.

இணையத்தில் கல்லூரி வழியாக

உங்கள் கல்லூரி எதில் சேர்ந்திருக்கிறது என்று நூலகரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அரசு உதவி பெறும் கல்லூரிகள் பலவற்றில் என்-லிஸ்ட் என்ற மின்நூல், மின்னிதழ்ச் சேவை இருக்கிறது, உங்கள் மின்னஞ்சலைப் பதிவு செய்து பாஸ்வேர்டு வாங்கித் தருவார்கள், வீட்டிலிருந்தே படிக்கலாம். அரசு நிறுவனங்களுக்கு 2025 ஜனவரி முதல் "ஒரே நாடு ஒரே சந்தா" வந்திருக்கிறது, 30 பதிப்பகங்களின் ஏறக்குறைய 13,000 ஆய்விதழ்கள் அதில் அடக்கம். நூலகங்களை இணைக்கும் டெல்நெட் என்ற வலைப்பின்னலில் உறுப்பினரான கல்லூரி என்றால் வேறு ஊர் நூலகத்துப் புத்தகத்தைக்கூட இரவல் கேட்கலாம். இந்த மூன்றும் இல்லாவிட்டாலும் ஆய்விதழ்க் கட்டுரைகளின் இணையத் தொகுப்பான ஜேஸ்டாரில் சொந்தமாகக் கணக்குத் தொடங்கினால் மாதம் 100 கட்டுரை வரை திரையில் இலவசமாகப் படிக்கலாம், தரவிறக்க முடியாது, அவ்வளவுதான். நான் குறிப்பெடுத்ததில் பாதி இப்படித்தான்.

இங்கேயும் சொல்தான் சாவி. ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1973-இல் ஏஷியன் சர்வே இதழில் எழுதிய, நட்சத்திரங்களையும் தி.மு.க.வையும் பற்றிய கட்டுரை இந்தத் துறையில் எல்லோரும் தொட்டுப் போகிற ஒன்று. அதன் தலைப்பில் "தமிழ்நாடு" என்பது இடைவெளி இல்லாத ஒரே சொல், "சினிமா" என்று இல்லை, "ஃபிலிம்" என்றுதான் இருக்கிறது. நீங்கள் "தமிழ் சினிமா" என்று ஆங்கிலத்தில் மேற்கோள்குறிக்குள் போட்டுத் தலைப்பில் மட்டும் தேடினால் அது வராது. மெட்ராஸ், சவுத் இந்தியன், டமில், ட்ரவிடியன் என்று காலத்துக்கேற்ற சொற்களையெல்லாம் சேர்த்துத் தேடுங்கள். கோலிவுட் என்பதை வைத்துக்கொண்டு 1950-களைத் தேடாதீர்கள்.

ஷோத்கங்காவில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் லட்சக்கணக்கில் இருக்கின்றன, தமிழ்த் துறையினர் சினிமாப் பாடல்களைப் பற்றிச் செய்தவையும் ஏராளம். ஆனால் யூனிகோடுக்கு முந்திய எழுத்துருக்களில் தட்டச்சு செய்தவை நிறைய இருப்பதால், கோப்புக்குள் தமிழில் ஒரு சொல்லைத் தேடினால் "இல்லை" என்றே வரும். அது பொய். பொருளடக்கத்தைத் திறந்து கண்ணால் படிக்க வேண்டும். பிறகு கடைசி அத்தியாயத்துக்குப் பின்னால் இருக்கும் துணைநூற்பட்டியலுக்குப் போங்கள். ஆய்வேடு சுமாராக இருந்தாலும் அதன் துணைநூற்பட்டியல் நன்றாக இருக்கலாம்.

பட்டியலைப் பிடித்து நடப்பது என்பது உண்மையிலேயே வேலை செய்கிற முறை. தியடோர் பாஸ்கரன் தென்னிந்தியாவில் தேசிய இயக்கத்தையும் நாடகம், கிராமபோன், சினிமாவையும் பற்றி எழுதி 1981-இல் வெளிவந்த நூலின் அடிக்குறிப்புகளிலிருந்துதான் நான் அரசு ஆவணங்கள் பக்கம் போனேன். அதே ஆண்டு ஈழத்து அறிஞர் கார்த்திகேசு சிவத்தம்பி தமிழ்ப் படத்தை அரசியல் தகவல்தொடர்புச் சாதனமாகப் பார்த்து எழுதியதும் வந்தது. இரண்டு பேரும் எதை எதைப் பார்த்திருக்கிறார்கள் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், எது இருவர் கண்ணிலும் படவில்லையோ அங்கே உங்களுக்கு ஒரு இடம் இருக்கலாம்.

இப்போது எல்லோரும் ஏஐ-யிடம் கேட்கிறார்கள், நானும் கேட்பேன். தேடுசொற்கள் யோசிக்க அது உதவும். ஆனால் அது தரும் புத்தகப் பெயரை நூலகப் பட்டியலிலோ பதிப்பகத்திலோ பார்க்காமல் ஆய்வேட்டில் எழுதாதீர்கள். ஆசிரியர் நிஜம், பதிப்பகம் நிஜம், புத்தகம் மட்டும் பிறக்கவே இல்லை என்கிற கூத்து நடக்கிறது.

கல்லூரி வாசலைத் தாண்டி

உள்ளே இருப்பதை முடித்த பிறகுதான் வெளியே போக வேண்டும், இல்லாவிட்டால் அங்கே போய் என்ன கேட்பது என்றே தெரியாது. போவதற்கு முன் துறைத்தலைவர் கையெழுத்தும் முத்திரையும் உள்ள கடிதம், அடையாள அட்டை, இரண்டு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

சென்னை தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம்தான் நம்மைப் போன்றவர்களுக்குத் தாய்வீடு. காரைக்குடிப் பக்கம் கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாள் முழுக்கச் சேர்த்ததில் தொடங்கியது, 1994-இல் நூலகமானது. புத்தகம் மட்டுமல்ல, நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், அழைப்பிதழ் என்று மற்றவர்கள் குப்பை என்று நினைத்ததையும் அவர் சேர்த்தார். எழும்பூர் கன்னிமாரா 1896-இல் திறந்தது, 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் வெளியாகும் நூல்களின் படி போய்ச் சேரவேண்டிய நூலகங்களில் ஒன்று. எழும்பூரிலேயே தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் இருக்கிறது. இலங்கை வானொலி, ஈழத்துச் சிற்றிதழ் என்று போகிறவர்களுக்கு ஈழத்து நூல்களையும் இதழ்களையும் இணையத்தில் ஏற்றிவைக்கும் "நூலகம்" என்ற நிறுவனத்தின் இணையதளம் உட்கார்ந்த இடத்திலேயே திறந்து கிடக்கிறது.

சென்னைக்குப் போக முடியாதவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 1927-இல் பிரிட்டிஷ் இந்திய அரசு ஒரு சினிமா விசாரணைக் குழு அமைத்தது, தலைவர் சென்னை வக்கீல் டி. ரங்காச்சாரியார். முந்நூறுக்கும் மேற்பட்டவர்களை நேரில் விசாரித்து அவர்கள் சொன்னதைக் கேள்வி பதிலாகவே அச்சிட்டார்கள். அறிக்கையும் சாட்சியங்களும் இன்டர்நெட் ஆர்க்கைவில் கிடைக்கின்றன. மௌனப் பட காலத்தில் கொட்டகைக்கு யார் வந்தார்கள், எந்த வகுப்பில் உட்கார்ந்தார்கள், எதற்குக் கத்தினார்கள் என்பதையெல்லாம் அதில் படிக்கும்போது நேரம் போவதே தெரியாது. ஒரே எச்சரிக்கை, பதில் சொல்கிறவர்கள் பெரும்பாலும் பெரிய மனிதர்கள், தரை டிக்கெட்காரரைப் பற்றி அவர் இல்லாமலேயே பேசுகிறார்கள்.

கையில் கிடைத்ததை என்ன செய்வது

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். இருபது பாட்டுப் புத்தகம் கிடைத்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை, பாட்டு வரிகளைப் படித்து ரசித்துக்கொண்டே ஒரு வாரம் போய்விட்டது. பிறகு கைடு ஒரு தாளில் கட்டம் போட்டுக் கொடுத்தார். ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரே கேள்விகள்: விலை என்ன, எத்தனை பக்கம், அட்டையில் யார் முகம், பெயர்ப் பட்டியலில் பாடலாசிரியர் எத்தனையாவது, பாட்டைப் பாடியவர் பெயர் இருக்கிறதா, கதைச்சுருக்கம் எந்தக் கட்டத்தில் நிற்கிறது, பின்னட்டையில் என்ன விளம்பரம். பாட்டு வரிக்குப் பக்கமே போகாத கேள்விகள். ஆனால் அந்தக் கட்டத்தை நிரப்பி முடித்தபோது, கதை நிற்கிற இடம் திரும்பத் திரும்ப ஒரு பெண் வீட்டை விட்டு வெளியேறும் இடமாக இருப்பது தெரிந்தது. அதுதான் என் இரண்டாம் அத்தியாயம் ஆனது.

கட்டத்தை நீங்கள் மட்டும் நிரப்பினால் போதாது. ஒரு நண்பரிடம் ஐந்து புத்தகத்தைக் கொடுத்து, உங்கள் விடையைக் காட்டாமல் அவரையும் நிரப்பச் சொல்லுங்கள். இரண்டு பேர் விடையும் எங்கே முட்டுகிறதோ அங்கே உங்கள் கேள்வி தெளிவில்லை என்று அர்த்தம். என் நண்பன் "அட்டையில் யார் முகம்" என்பதற்கு மிகப் பெரிய முகத்தை எழுதினான், நான் எல்லா முகத்தையும் எழுதியிருந்தேன். பாதிக் கட்டத்தை அழித்துத் திரும்ப எழுத வேண்டியதாயிற்று.

அட்டையின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் அச்சகத்தின் பெயரைக் கட்டாயம் குறியுங்கள். அப்போது நடைமுறையில் இருந்த 1867-ஆம் ஆண்டுச் சட்டப்படி அச்சடித்தவர் பெயரும் ஊரும் போட வேண்டியிருந்தது என்பதால் பழைய நோட்டீஸில்கூட அது இருக்கும். தேதியே இல்லாத புத்தகத்துக்கு அந்த ஒரு வரிதான் துப்பு. ஒரே ஊர் அச்சகம் எத்தனை படத்துக்கு அடித்திருக்கிறது என்று பார்த்தால் வியாபாரம் எப்படி நடந்தது என்பதும் தெரியவரும்.

போன் கேமராவில் எடுப்பதானால், முதலில் அனுமதி. பிறகு ஒவ்வொரு இதழுக்கும் முதல் படம் தேதி உள்ள பக்கம், அப்புறம்தான் வேண்டிய பக்கம். நான் எடுத்த நாற்பது அழகான விளம்பரப் படங்களுக்கு எந்த இதழ் என்று தெரியாமல் எல்லாம் வீணாகப் போனது. எடுத்த அன்று ராத்திரியே கோப்பின் பெயரை மாற்றி, நூலகம், இதழ், தேதி, பக்கம் என்று ஸொட்டேரோ என்ற மேற்கோள் குறிப்பு மென்பொருளில் ஏற்றிவிடுங்கள். அது இலவசம், தமிழ் எழுத்தையும் ஏற்றுக்கொள்ளும். இதழில் "விய வருஷம் ஆடி மாதம்" என்று போட்டிருந்தால் அதையும் அப்படியே எழுதி, ஆங்கில வருடத்தைப் பக்கத்தில் சேருங்கள், மாற்றும்போது தப்பு நடந்தால் திரும்பிப் பார்க்க வசதியாக இருக்கும்.

வைவா முடிந்ததும் ஒரு பிரதியை நூலகத்துக்குக் கொடுக்கச் சொன்னார்கள், கொண்டுபோய்க் கொடுத்தேன். மாடிப்படி அறையைக் காட்டிய அதே அண்ணன்தான் கவுண்டரில் இருந்தார். தலைப்பைப் படித்தார், உள்ளே இரண்டு பக்கம் புரட்டினார், ஸ்டிக்கரை எடுத்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்: "தம்பி, இதை எந்த நம்பர்ல போடுறது?"